வீட்டுக் கூடத்தில் பதிந்த இசை: ஹாக்கன்சாக் ஒலிப்பதிவுகளும் வரலாற்றுச் சான்றின் இயல்பும் (1953–1959)

முன்னுரை

ஒலிப்பதிவுக்கென்று தனிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் இசைத்தட்டுத் தொழிலோடு உடன்பிறந்ததன்று. 1902 ஏப்ரலில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க், மிலான் நகர விடுதியொன்றின் அறையில் தம் பெட்டிகளைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் என்ரிக்கோ கரூசோவின் குரலை மெழுகுத் தட்டில் பதிந்தார். அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டை அவர் பதிந்ததும் விடுதி அறையில்தான். 1925இல் மின்முறைப் பதிவு நடைமுறைக்கு வந்து, ஒலிவாங்கியும் பெருக்கியும் பொருட்செலவு மிக்க கருவிகளான பின்னரே பெரிய நிறுவனங்கள் தமக்கெனப் பெருங்கூடங்களை அமைத்துக்கொண்டன. லண்டனின் ஆபி ரோடு கூடம் 1931இல் திறக்கப்பட்டது. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனம் முப்பதாம் தெருவிலிருந்த பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றையே பதிவுக்கூடமாக மாற்றியது. உயர்ந்த கூரையும் பரந்த தளமும் நல்ல ஒலிப்பதிவின் இலக்கணம் எனக் கருதப்பட்ட காலம் அது.

இந்த இலக்கணத்துக்கு மாறாக, ஒரு குடும்பம் உண்டு உறங்கி வாழ்ந்த வீட்டின் முன்கூடத்தில் ஐந்தாறு இசைஞர்களை ஒருங்கே நிறுத்தி, அவர்கள் வாசிக்க வாசிக்கப் பதிந்த ஒலிநாடாக்கள் இருபதாம் நூற்றாண்டு ஜாஸ் இசையின் முதன்மைச் சான்றுகளாக நிலைபெற்றன. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாக்கன்சாக் நகரில் ரூடி வான் கெல்டர் (1924–2016) தம் பெற்றோரின் வீட்டில் செய்த பதிவுகளே அவை. இப்பதிவுகளை ‘உள்ளது உள்ளபடி’ இசையைக் காட்டும் சாளரமாகக் கொள்வது ஜாஸ் வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த அறையும் கருவிகளும் பதிவாளரின் கையும் இசையின் பாடத்துக்குள்ளேயே புகுந்திருக்கின்றன என்பதையும், ஏடு பெயர்த்து எழுதியவரை மறந்து சுவடியைப் படிக்க இயலாதது போலவே பதிவாளரை மறந்து இத்தட்டுகளைக் கேட்க இயலாது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஹாக்கன்சாக் வீடு

வான் கெல்டரின் பெற்றோர் பசெய்க் நகரில் பெண்களுக்கான ஆடைக்கடை நடத்தியவர்கள். இளமையில் அவருக்கு வாய்த்த ஈடுபாடுகள் இரண்டு: ஒன்று ஜாஸ், மற்றொன்று தனியார் வானொலித் தொடர்பு எனப்படும் ஹாம் வானொலி. பிலடெல்பியாவில் கண்பார்வைப் பரிசோதனைக் கல்வி பயின்ற நாள்களில் அங்கிருந்த வானொலி நிலையம் ஒன்றைக் காணச் சென்றதும், அதன் கருவிகளின் நேர்த்தி தம் மனத்தைக் கவர்ந்ததும் பற்றி அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கல்வி முடிந்தபின் கண்பார்வைப் பரிசோதகராகத் தொழில் நடத்தினார். 1959 வரை அதுவே அவருக்குச் சோறு போட்ட தொழில். ஒலிப்பதிவு மாலை வேளைகளுக்கும் விடுமுறை நாள்களுக்கும் உரியதாக இருந்தது.

1946இல் தந்தையார் ஹாக்கன்சாக்கில் வீடு கட்ட முற்பட்டபோது, முன்கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறையும் இரண்டுக்கும் இடையே இரட்டைக் கண்ணாடி பதித்த சாளரமும் வேண்டும் என்று மகன் கேட்டார். தந்தை இசைந்தார். வீட்டின் ஏனைய பகுதிகளைவிட முன்கூடத்தின் கூரை சற்று உயர்த்திக் கட்டப்பட்டது. வீட்டைப் பதிவுக்கூடமாக்கிய கட்டட வேலை அவ்வளவே. ப்ளூ நோட் நிறுவனத்தின் ஃபிரான்சிஸ் வுல்ஃப் பதிவு நாள்களில் எடுத்த ஒளிப்படங்களில் சாக்சபோன் வாசிப்பவருக்குப் பின்னே சாளரத் திரைச்சட்டங்களும் மேசை விளக்கும் தெரிகின்றன. ஜாஸ் அன்பர்கள் அப்படங்களை இசைஞர்களின் முகபாவத்துக்காகப் போற்றுவர். ஒலிவாங்கி எங்கே நின்றது, டிரம்ஸுக்கும் பியானோவுக்கும் இடையே எத்தனை அடி இருந்தது என்பவற்றுக்கு ஆய்வாளனுக்குக் கிடைக்கும் அரிய சான்றும் அவைதாம். வான் கெல்டரிடமிருந்து இத்தகைய செய்திகள் கிடைக்க வழியில்லை. தம் முறைகளை அவர் இறுதிவரை எவருக்கும் வெளிப்படுத்தவில்லை.

தொடக்கத்தில் உள்ளூர் இசைஞர்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவே அங்கு வந்து பதிந்து சென்றனர். திருப்பம் கில் மெல்லே என்ற சாக்சபோன் கலைஞர் வழியாக வந்தது. ஹாக்கன்சாக் வீட்டில் அவருடைய குழு பதிந்த இசையை ப்ளூ நோட் நிறுவனர் ஆல்ஃபிரட் லயன் விலைக்கு வாங்கினார். அதே தன்மையில் மேலும் சிலவற்றைப் பதிய விரும்பி, தாம் வழக்கமாகச் செல்லும் நியூயார்க் வானொலி நிலையக் கூடத்தின் பதிவாளரிடம் தட்டைப் போட்டுக் காட்டினார். இவ்வொலியைத் தம்மால் உண்டாக்க முடியாது என்றும், இதைப் பதிந்தவரிடமே செல்லுங்கள் என்றும் அப்பதிவாளர் கூறிவிட்டார். 1953 முதல் லயன் ஹாக்கன்சாக் வீட்டின் நிலையான வாடிக்கையாளரானார். பிரெஸ்டீஜ், சவாய் போன்ற சிறு நிறுவனங்களும் அவரைப் பின்தொடர்ந்தன.

இந்நிறுவனங்கள் சிறியவை என்பது இங்குக் கருதத்தக்கது. லயனும் வுல்ஃபும் ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி வந்த பெர்லின் நகர யூதர்கள். ப்ளூ நோட் 1939இல் சிறுமுதலில் தொடங்கியது. பிரெஸ்டீஜ் 1949இல் பாப் வைன்ஸ்டாக் என்ற இளைஞர் தொடங்கியது. பெருநிறுவனங்களின் கூடங்களுக்கு வாடகை கொடுக்கும் வசதி இவர்களுக்கு இல்லை. ஹட்சன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து காரில் சிறிது நேரம் சென்றால் ஹாக்கன்சாக் வந்துவிடும். ஆயினும் மலிவு மட்டுமே காரணமாக இருந்திருப்பின், லயன் முன்பு பயன்படுத்திய கூடத்தின் பதிவாளர் கைவிரித்த நிகழ்ச்சிக்கு விளக்கம் கிடைக்காது.

கருவிகளும் அவற்றின் எல்லையும்

1948ஆம் ஆண்டை வீட்டுப் பதிவின் வரலாற்றில் ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவி விற்பனைக்கு வந்ததும், கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடிய காலத்தில், இசைஞர் தம் கற்பனையை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்க வேண்டியிருந்தது. நாடாவும் நெடுந்தட்டும் சேர்ந்து அக்கட்டைத் தளர்த்தின. பத்து நிமிடம் நீளும் வாசிப்பை இடையறாது பதியலாம். பிழை நேர்ந்தால் நாடாவைச் சுழற்றி மீண்டும் தொடங்கலாம்.

ஒலிவாங்கியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பெர்லினின் நாய்மன் நிறுவனம் 1949இல் வெளியிட்ட யு47 என்ற ஒலிவாங்கி, வெற்றிடக் குழாயும் பெரிய சவ்வும் கொண்டது. நுண்ணிய ஒலிகளையும் கூர்மையாக வாங்கவல்லது. அமெரிக்காவில் அதைத் தொடக்கத்திலேயே வாங்கியவர்களுள் வான் கெல்டர் ஒருவர். இசைத்தட்டுக் கடைகளில் அந்நாளில் கிடைத்த ஜாஸ் பதிவுகள் மங்கலாகவும் தொலைவில் ஒலிப்பது போலவும் இருந்தமை அவருக்கு நிறைவு தரவில்லை. ஒலிவாங்கியை இசைக்கருவிக்கு மிக அருகில் கொண்டுசெல்வதே அவர் கண்ட தீர்வு.

இதன் பின்னுள்ள ஒலியியல் எளியது. தொலைவு இருமடங்கானால் கருவியிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாகப் பரவியிருக்கும். எனவே ஒலிவாங்கி எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கருவியின் பங்கு கூடி அறையின் பங்கு குறையும். தேவாலயக் கூரையின் கீழ் அறையின் ஒலி இனியது. அதை விரும்பி ஏற்கலாம். வீட்டு முன்கூடத்தில் அறையின் ஒலி குறுகியது, பெட்டிக்குள் பேசுவது போன்றது. அதைத் தவிர்ப்பதே நன்று. இவ்வாறு நோக்கின், நெருங்கிப் பதியும் முறையைத் தூண்டியதில் பதிவாளரின் சுவையைப் போலவே அந்த வீட்டின் கூரையும் பங்கு பெற்றது எனலாம்.

ஆனால் நெருங்குவதால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஐவரும் ஒரே அறையில் நின்று வாசிக்கின்றனர். டிரம்ஸின் அதிர்வு பியானோவின் ஒலிவாங்கிக்குள் நுழையும். டிரம்பெட்டின் முழக்கம் பேஸ் ஒலிவாங்கிக்குள் கசியும். அக்காலப் பதிவு ஒரே தடம் கொண்டது. இன்று போல் ஒவ்வொரு கருவியையும் தனித் தடத்தில் பதிந்து, பின்னர் ஓய்வாக அமர்ந்து கூட்டிக் குறைக்கும் வாய்ப்பு இல்லை. கலவைப் பலகையின் குமிழ்களை இசை நடந்துகொண்டிருக்கும்போதே திருப்பியாக வேண்டும். சாக்சபோன் தனி ஆவர்த்தனம் முடிந்து பியானோ தொடங்கும் கணத்தை முன்கூட்டியே உணர்ந்து கை நகர வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. இவ்வகையில் கண்ணாடிச் சாளரத்துக்கு இப்பால் இருந்தவரும் குழுவின் ஓர் உறுப்பினராகவே வாசித்தார்.

வெறும் எளிய கருவிகளாலேயே இப்பதிவுகள் செய்யப்பட்டன என்று கூறுவது மிகையாகும். எஸ்டோனியாவிலிருந்து வந்த ரைன் நார்மா என்ற பொறியாளர் வான் கெல்டருக்கெனக் கலவைப் பலகை ஒன்றைச் செய்து தந்தார். அதே நார்மா பின்னர் ஃபேர்சைல்ட் 660 என்ற புகழ்பெற்ற ஒலிமட்டுப்படுத்தியை வடிவமைத்தவர். கருவிகளைத் தொடும்போது வான் கெல்டர் கையுறை அணிந்துகொள்வார். ஒலிவாங்கிகளை இசைஞர்கள் தொடுவதற்கும், கட்டுப்பாட்டு அறையில் உண்பதற்கும் பருகுவதற்கும் தடை இருந்தது. வீடு எளியது, ஒழுங்கு எளியதன்று.

இரண்டு வெள்ளிக்கிழமைகள்

இம்முறையின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டுவன 1956 மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டு வெள்ளிக்கிழமைகள். மைல்ஸ் டேவிஸ் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். பிரெஸ்டீஜுக்குத் தர வேண்டிய தட்டுகள் எஞ்சியிருந்தன. ஜான் கோல்ட்ரேன், ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் ஆகியோருடன் டேவிஸ் ஹாக்கன்சாக் வீட்டுக்கு வந்து, மேடைகளில் நாள்தோறும் வாசித்துவந்த உருப்படிகளையே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். பெரும்பாலானவை ஒரே முறை வாசிக்கப்பட்டவை. அவ்விரு நாள் பதிவுகளைக் கொண்டே நான்கு நெடுந்தட்டுகளை பிரெஸ்டீஜ் 1957 முதல் 1961 வரை சிறுகச் சிறுக வெளியிட்டது.

கடனைத் தீர்ப்பதற்காக விரைந்து செய்த வேலை இது. ஒத்திகைக்குப் பணம் தருவது பிரெஸ்டீஜின் வழக்கமன்று. ப்ளூ நோட் தந்தது. ஆயினும் இந்நான்கு தட்டுகளும் சிறு குழு ஜாஸ் இசையின் செவ்வியல் ஆக்கங்களாக மதிக்கப்படுகின்றன. உருப்படிகளுக்கு இடையே நிகழ்ந்த பேச்சுகள் அழிக்கப்படாமல் தட்டுகளில் நின்றுவிட்டதும் குறிப்பிடத்தக்கது. ‘ரிலாக்ஸின்’ தட்டில், பியானோக் கலைஞர் ஒரு பாட்டைத் தொடங்கியதும் டேவிஸ் சீழ்க்கை அடித்து நிறுத்தி, முன்னிசையை அடர்ந்த சுரக்கோவையாக வாசிக்கச் சொல்வது கேட்கிறது. கார்லண்ட் மீண்டும் தொடங்குகிறார். வேறோரிடத்தில் பீர் புட்டியைத் திறக்கும் கருவியை ஒருவர் கேட்கிறார். பெருங்கூடங்களின் மெருகேறிய பதிவுகளில் இவற்றுக்கு இடமிருந்திராது. வீட்டுப் பதிவின் இயல்பு இங்கே குறையாக மறைக்கப்படாமல் சுவையாகவே விற்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். விட்டுவைத்த பேச்சும் ஒரு தேர்வுதான்.

பாடவேறுபாடும் இடைச்செருகலும்

1954 டிசம்பர் 24 அன்று நடந்த பதிவு இக்கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. டேவிஸ், தெலோனியஸ் மங்க், மில்ட் ஜாக்சன், பெர்சி ஹீத், கென்னி கிளார்க் ஆகிய ஐவர். தாம் தனியே வாசிக்கும்போது பின்னணியில் பியானோ வேண்டாம் என்று டேவிஸ் மங்கைக் கேட்டுக்கொண்டார். ‘த மேன் ஐ லவ்’ என்ற பாட்டின் இரண்டு வாசிப்புகள் எஞ்சியுள்ளன. முதல் வாசிப்பின் தொடக்கத்தில், தாம் எப்போது நுழைய வேண்டும் என்று மங்க் கேட்க, இவை அனைத்தையும் தட்டில் சேர்த்துவிடும்படி டேவிஸ் பதிவாளரைப் பெயர் சொல்லி விளித்துக் கூறுகிறார். இரண்டாவதில் மங்க் தம் தனி ஆவர்த்தனத்தின் நடுவே வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். பேஸும் டிரம்ஸும் மட்டும் செல்கின்றன. டேவிஸின் டிரம்பெட் அவரைத் தூண்டியபின் மீள்கிறார். இருவருக்கும் அன்று கைகலப்பே நிகழ்ந்தது என்ற செவிவழிக் கதை இவ்வமைதியிலிருந்து முளைத்தது. சம்பந்தப்பட்டவர்களே அதை மறுத்தனர்.

சுவடிப் பதிப்பில் பழகியவர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு பாட்டுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன; இரண்டும் மெய்யானவை; எது ‘மூலம்’ என்ற கேள்விக்கே பொருளில்லை. ஓரத்தில் ஏடெழுதியவர் விட்டுச்சென்ற குறிப்பைப் போலப் பதிவாளரின் பெயரும் பாடத்துக்குள் ஒலிக்கிறது.

இடைச்செருகலுக்கும் சான்று உண்டு. கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ 1957 செப்டம்பர் 15 அன்று ஆறு பேர் கொண்ட குழுவால் இவ்வீட்டில் பதியப்பட்டது. தலைப்பு உருப்படியில் நாம் கேட்கும் பியானோத் தனி ஆவர்த்தனம் அதே நாளின் வேறொரு வாசிப்பிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. நாடாவைக் கத்தியால் நறுக்கி ஒட்டுவது அன்று எளிய செயல். கேட்பவர் செவிக்கு மடிப்புத் தெரியாது. ஆகவே ‘நேரடிப் பதிவு’ என்று இப்பதிவுகளைக் குறிப்பிடும்போது, அனைவரும் ஒரே அறையில் ஒரே வேளையில் வாசித்தனர் என்ற அளவுக்கே அச்சொல் பொருந்தும். நாம் கேட்கும் பத்து நிமிடங்களும் இடையறாத பத்து நிமிடங்கள் என்று அதற்குப் பொருளில்லை.

பதிவாளரின் கை நாடாவோடு நிற்கவில்லை. தட்டு வார்ப்பதற்குரிய முதல் தட்டையும் வான் கெல்டரே வெட்டினார். பள்ளங்கள் முடிந்து முகப்புச் சீட்டுக்கு முன்னுள்ள வெற்று வளையத்தில் தம் பெயரெழுத்துகளையோ பெயரையோ பொறித்தார். பழைய தட்டுகளைத் திரட்டுவோர் இன்றும் விளக்கொளியில் தட்டைச் சாய்த்து முதலில் தேடுவது அப்பொறிப்பையே.

வீட்டுக்கு வெளியே

1954 பிப்ரவரி 21 இரவு, நியூயார்க் பேர்ட்லண்ட் இசையரங்கில் ஆர்ட் பிளேக்கியின் ஐவர் குழுவைப் பதிய வான் கெல்டர் தம் கருவிகளைப் பெயர்த்துச் சென்றார். கிளிஃபர்ட் பிரவுன், லூ டொனால்ட்சன், ஹோரஸ் சில்வர், கர்லி ரஸல் ஆகியோர் அக்குழுவினர். பின்னர் கஃபே பொஹீமியாவிலும், 1957 நவம்பர் 3 அன்று வில்லேஜ் வான்கார்ட் நிலவறை அரங்கில் சானி ராலின்ஸின் மூவர் குழுவையும் பதிந்தார். வீட்டில் கற்றது இங்கே கைகொடுத்தது. கூரை தாழ்ந்த, ஆள் நெருங்கிய அரங்குகளுக்குத் தேவாலயக் கூடத்தின் பயிற்சி உதவியிராது. நெருங்கிப் பதியப் பழகிய கை உதவியது. கோப்பைகளின் ஓசையும் கைதட்டலும் பின்னே நிற்க, பிளேக்கியின் டிரம்ஸ் முன்னே நிற்கிறது. ராலின்ஸ் பதிவில் பியானோ இல்லாமையால் கசிவுச் சிக்கல் குறைந்து, சாக்சபோன், பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் தனித்தனியே துலங்குகின்றன. இவ்வீட்டு முறையின் தேர்ந்த வெளிப்பாடு வீட்டுக்கு வெளியே நிகழ்ந்தது என்று இதைக் கொள்ளலாம்.

மறுப்புக் குரல்கள்

பியானோவைக் குறித்த குறை பழையது. வான் கெல்டர் பதிவுகளில் அது ஒடுங்கியும் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவும் ஒலிக்கிறது என்பர். இக்குறை பொய்யன்று. சிறிய அறையில் டிரம்ஸின் கசிவைத் தடுக்க ஒலிவாங்கியைக் கம்பிகளுக்கு மிக அருகே வைக்க நேரும். அவ்வளவு அருகில் பியானோவின் முழு உடலும் எழுப்பும் ஒலி ஒருங்கு சேர்வதில்லை. சில்வரின் வெட்டு வெட்டான வாசிப்புக்கு இவ்வொலி பொருந்தியது. மென்மையான விரல்களுக்கு இழப்பாயிற்று.

சார்லஸ் மிங்கஸின் கண்டனம் இதைவிடக் கடுமையானது. இசைஞர்களின் தொனியையே வான் கெல்டர் மாற்றிவிடுகிறார் என்றும், அதனால் தாம் அவரிடம் செல்வதில்லை என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். இது தனிமனிதக் காழ்ப்பு அன்று. ஒரு கலைஞன் இருபதாண்டு உழைத்து உருவாக்கிய தொனி அவனுடைய கையெழுத்து. அது வேறொருவர் வீட்டுக் கூடத்தின் வழியே கடந்து, எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுவான ஒரு சாயலோடு வெளிவருமாயின், அச்சாயல் யாருடையது? சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளில் ஜாஸ் இப்படித்தான் ஒலித்தது என்று வரலாற்றாசிரியர் எழுதும்போது, அதில் எவ்வளவு ஜாஸ், எவ்வளவு ஹாக்கன்சாக் என்பதைப் பிரித்தறியும் அளவுகோல் தேவைப்படுகிறது. டேவிஸ் போன்ற ஒரே கலைஞர் 1959இல் முப்பதாம் தெருக் கூடத்தில் பதிந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டையும் 1956 வெள்ளிக்கிழமைப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது அதற்கு ஒரு தொடக்கம். குழுவும் மாறியிருந்தது, இசையின் போக்கும் மாறியிருந்தது என்பதால் அது முழுமையான ஒப்பீடாகாது. எனினும், டிரம்பெட்டைச் சுற்றியுள்ள வெளியின் வேறுபாட்டை எவரும் கேட்டுணரலாம்.

ஸ்டீரியோ முறை பற்றியும் ஒரு சொல். 1957 முதல் இரு தடங்களிலும் பதிவு நடந்தது. ஆயினும் ஹாக்கன்சாக்கில் கருவிகளின் அளவைத் தீர்மானித்தது ஒற்றைத் தட ஒலியைக் கேட்டே என வான் கெல்டர் பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார். அக்காலப் பதிவுகளின் ஸ்டீரியோ வடிவத்தைக் கேட்டு, இசைஞர் இன்ன இடத்தில் நின்றார் என்று ஊகிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

1959 ஜூலையில் வான் கெல்டர் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தமக்கெனக் கட்டிய பதிவுக்கூடத்துக்கு மாறினார். கண்பார்வைப் பரிசோதனைத் தொழிலும் அத்துடன் முடிந்தது. மர விட்டங்கள் தாங்கும் அக்கூடத்தின் கூரை 39 அடி உயரமுடையது. வீட்டில் வளர்ந்த கலை இறுதியில் தேவாலயம் போன்ற கட்டடத்தையே தேடிச் சென்றது வியப்புக்குரியது. கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பரில் அங்கேதான் பதியப்பட்டது.

இசைஞர்கள் ஹாக்கன்சாக் வீட்டுக்கு அளித்த ஏற்பு ஓர் உருப்படியின் பெயரில் எஞ்சியுள்ளது. 1954 மே 11 அன்று அங்கு வந்த மங்க், தாம் வாசித்த ஓர் உருப்படிக்கு ‘ஹாக்கன்சாக்’ என்றே பெயரிட்டார். அதன் மெட்டு புதியதன்று. கோல்மன் ஹாக்கின்ஸ் வேறு பெயரில் நாற்பதுகளிலேயே அதைப் பதிந்திருந்தார். பெயர் மட்டுமே அந்த வீட்டைச் சேர்ந்தது.